போக இரண்டரை, வர ஐந்தரை

எங்கள் பக்கத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாருக்கும் விளங்காது. அருப்புக்கோட்டை எவ்வளவு தூரம் என்று கேட்டால் முக்கால் மணி நேரம் என்பார்கள். மதுரை என்றால் இரண்டு மணி நேரம். டிரைவர் காரியாபட்டியில் டீ குடிக்க இறங்கிவிட்டால் அதற்கும் மேல். திருச்சுழி தாலுகா ஆபீசைப் பற்றிக் கேட்டால், “போற நேரம் கொஞ்சந்தான், அங்க போயி உக்காந்திருக்க நேரத்தையும் சேத்துக்கங்க” என்று பதில் வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். தூரம் வேறு, நேரம் வேறு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊர் கேட்டுக்கொள்ளும், தலையாட்டும், மறுநாள் பழையபடி மணிக்கணக்கில் பேசும்.

என் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துத் துபாய்க்கு அனுப்பியபோது, பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடையிலும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “துபாயி எம்புட்டுத் தூரம் சார்?” மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய் விமான நிலையம் மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று சொன்னேன். நான் ஏதோ மழுப்புகிறேன் என்பதுபோலப் பார்த்தார்கள். “அது கெடக்கட்டும், எத்தன மணி நேரம்?” நாலு மணி நேரம் என்றேன். “அட, அப்ப மெட்ராஸ விடக் கிட்டயில்ல இருக்கு!” என்று ஒருவர் சொல்ல, எல்லாருக்கும் மனசு ஆறிவிட்டது. மெட்ராசுக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக ஊர்க்கணக்கு எனக்கும் ஆறுதலாக இருந்தது. மகள் மெட்ராசைவிடக் கிட்டத்தில் இருக்கிறாள் என்று நானும் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி மட்டும் அந்த நாலு மணி நேரத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

மகள் முதல் தடவை கிளம்பியபோது மாப்பிள்ளை டிக்கெட்டைப் போனில் அனுப்பியிருந்தார். அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் அதை அச்செடுத்து வந்தேன். போகவும் வரவும் சேர்த்து எடுத்த டிக்கெட். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். மதுரையில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் துபாயில் இரண்டரைக்கு இறங்கும். அங்கே இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் இங்கே விடியற்காலை நாலரைக்கு இறங்கும்.

“ஏங்க, போறதுக்கு ரெண்டரை மணி நேரம். வாரதுக்கு மட்டும் ஏன் அஞ்சரை?”

அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி அச்சடித்திருக்கிறான், போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். அடுப்படியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வந்து, ஒரு பக்கம் டார்ச் லைட்டை அடித்து, இது மதுரை, இது துபாய், சூரியன் முதலில் நமக்கு, அப்புறம்தான் அவர்களுக்கு என்று தேங்காயைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கடைசியில், “அவுக கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. போறப்ப அந்த ஒன்றரையைக் கூட்டணும். அவ்வளவுதான்” என்று முடித்தேன்.

‘கூட்டணும்’ என்ற சொல்லை அன்றைக்கு நான் வாயில் எடுத்திருக்கக் கூடாது.

“நல்லாருக்கே! புள்ள ஊருக்குப் போற அன்னைக்கு எதுக்குக் கூட்டணுங்கிறீக? கூட்டக் கூடாதுன்னுதான நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அவளுக்குக் கூட்டுவது என்றால் விளக்குமாற்றால் கூட்டுவதுதான். ஊருக்குப் போகிறவர்கள் வாசல் தாண்டியதும் வீட்டைக் கூட்டக் கூடாது. கூட்டினால் அவர்களை வீட்டை விட்டே கூட்டித் தள்ளுவது மாதிரி. அவர்கள் போய்ச் சேருகிறவரை விளக்குமாற்றைத் தொடக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு இந்தப் பழக்கம். ஆனால் மற்ற வீடுகளில் பஸ் தலைமறைந்ததும் ஒரு அரைமணி நேரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். என் மனைவி அப்படியில்லை. நான் தேர்தல் வேலைக்கு ராஜபாளையம் போனால், நான் ராஜபாளையத்தில் இறங்கியிருப்பேன் என்று மனசுக்குத் தோன்றுகிறவரை வீடு அப்படியே கிடக்கும். அதனால்தான் அவளுக்குப் பயண நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்தது.

தேங்காயை வாங்கிக்கொண்டே, “சொல்லி முடிச்சுட்டீகன்னா குடுங்க, சட்னிக்கு வேணும்” என்றாள். அப்புறம் இரண்டரைக்கும் ஐந்தரைக்கும் அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். “இதுல என்ன அதிசயம் இருக்கு? போறப்ப ப்ளேன்ல என்ன இருக்கும்? ஊறுகா, முறுக்கு, ரெண்டு பொட்டணம் கருவாடு. வாரப்ப ஆளாளுக்கு நாப்பது கிலோ. கம்பளி, சென்ட்டு, பால்பவுடரு, டீ.வி. பொட்டி. லோடு ஏத்துன வண்டி மெதுவாத்தான வரும்?”

பருத்தி லோடு ஏற்றிய டிராக்டர்களைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படி யோசிப்பாள்? எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு அது இன்னும் உறுதியாகிவிட்டது. ஒரு வாரத்தில் தெரு முழுக்க அதுதான் பாடம். முப்பது வருஷம் நான் நடத்திய தீர்க்கரேகை எல்லாம் ஒரு டிராக்டரிடம் தோற்றுப்போனது.

மகள் போன அன்று நாங்கள் விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து சாப்பிட்டோம். இரண்டரை ஆனதும் மனைவி எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு வீட்டைக் கூட்டினாள். மகள் அந்நேரம் அரபிக்கடலுக்கு மேலே எங்கோ இருந்தாள். மூன்றாயிற்று, நாலாயிற்று, போன் வரவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேளாமல் மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்கு மேல் போன் வந்தது. “வந்துட்டேம்மா” என்று மகள் சொன்னதும் இவள் அழுகிறாள், அந்தப் பக்கம் அவளும் அழுகிறாள்.

அதற்குப் பிறகும் நான் சொன்ன கணக்கை அவள் ஏற்கவில்லை. இரண்டரைக்கு இறங்கினாலும் பெட்டியை எடுத்து, முத்திரை குத்தி, வெளியே வர நேரமாகும் என்று ஒரு விளக்கம் வைத்துக்கொண்டாள். ஆனால் தான் அவசரப்பட்டுக் கூட்டியதால்தான் பிள்ளைக்குத் தாமதமாகிவிட்டது என்று அவளுக்கு ஒரு பயம். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “இனிமே நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் நான் வெளக்குமாத்தத் தொடுவேன்.”

அன்றிலிருந்து மகள் ஒவ்வொரு தடவையும் துபாயில் இறங்கியதும் போன் செய்து, எடுத்த எடுப்பில் சொல்வது ஒரே ஒரு சொல்தான்: “கூட்டிக்கம்மா.” நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன், உடம்பு நன்றாக இருக்கிறது, அழாதே, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. மனைவி போனை என்னிடம் கொடுத்துவிட்டு விளக்குமாற்றை எடுக்கப் போவாள். மீதி விவரமெல்லாம் எனக்கு வரும். விமானம் இறங்கிய நேரம், வெயில், மாப்பிள்ளையின் ஆபீஸ். நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே, உள்ளே கேட்கும் கூட்டுகிற சத்தத்தைக் கிண்டல் செய்வேன்.

தெற்கே வானத்தில் எப்போதாவது ஒரு விமானம் போகும். மனைவி கையை நெற்றியில் வைத்து, “அந்தா, நம்ம புள்ள போற ப்ளேனு” என்பாள். அது கொழும்புக்குப் போகிற விமானம், துபாய் இந்தப் பக்கமே இல்லை, அது வடமேற்கு என்று திருத்துவேன். “எங்க போனா என்ன? அதுலயும் யாரு வீட்டுப் புள்ளையோ போகுதுல்ல” என்று சொல்லிவிட்டு, விமானம் மறைகிறவரை நிற்பாள். பூகோளம் படிக்காதவர்களோடு வாழ்வது லேசில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற முக்கால் மணி நேரத்துக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. வழியிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தியதும், வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, “எப்ப எடுக்குறாக?” மகள் வர வேண்டும் என்றேன். அன்றிரவு நேர் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. வேறு எங்கோ இறங்கி, அங்கிருந்து இன்னொரு விமானம் பிடித்து மதுரைக்கு வருகிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். பந்தலில் இருந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில், “அங்கேருந்து வாரதுக்கு அஞ்சரை மணி நேரமாம்யா. மதினிதான் சொல்லும்” என்றார். நாலு மணி நேரம் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அது ஐந்தரையாகவும் இல்லை. மறுநாள் உச்சிப்பொழுதில்தான் மகள் வந்தாள். அவள் பார்த்த பிறகு எடுத்தோம்.

காரியம் முடிந்து அவள் திரும்பிப் போன அன்று வீடு நிறைய உறவுக்காரப் பெண்கள் இருந்தார்கள். யார் எப்போது கூட்டினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது. “அப்பா...” என்றாள். ஒரு நொடி நின்றாள். “வந்துட்டேன்ப்பா” என்றாள். அந்த ஒரு நொடியில் அவள் எதை விழுங்கினாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அங்கே வெயில் எப்படி என்றுதான் விசாரித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சமைக்கக் கற்றுக்கொண்டேன், வாய்க்குச் சுமாராக இருக்கும். கூட்டவும் கற்றுக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெண்மணி, தூரத்து உறவு, என்னை அண்ணே என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுகிறவள், வாசலுக்கு மட்டும் வந்து தண்ணீர் தெளித்துப் போவாள். ஆம்பளை வாசல் தெளித்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். உள்ளே நான் கூட்டுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கூட்டுறீகளா, இல்ல குப்பைய எடம் மாத்தி வக்கிறீகளா?” என்று சிரிப்பாள். நாள் முழுக்க என்னோடு பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான். அதுவும் அந்த ஒரு வாக்கியம்தான்.

இந்த வருஷம் ஆடி மாதம் மகள் பேத்தியோடு வந்தாள். அங்கே பள்ளிக்கூட விடுமுறை. பேத்திக்கு ஆறு வயது. வீடு ஒரே நாளில் வேறு வீடாகிவிட்டது. பென்சில் சீவல், பிஸ்கட் தூள், தலைக்கிளிப், எங்கே பார்த்தாலும் ஒட்டுகிற சின்னச் சின்ன நட்சத்திரம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெறும்போது கொடுத்த பூகோள உருண்டையை அந்தப் பிள்ளை தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் அலமாரியைத் திறந்து அம்மாவின் சேலைகளை மடித்ததையே திரும்ப மடித்து வைத்தாள். ஏதோ சொல்ல வருகிறாள், சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று கேட்காமலே இருந்தேன்.

கிளம்புகிற அன்று காரில் அருப்புக்கோட்டையைத் தாண்டினோம். பேத்தி என் மடியில் தூங்கிவிட்டது. காரியாபட்டியும் தாண்டியது. அங்கிருந்து விமான நிலையம் ரொம்பத் தூரமில்லை. அப்போது மகள் சொன்னாள்.

“அப்பா, கனடாவுக்கு பேப்பர் வந்துருச்சு. கார்த்திகைக்குள்ள போயிருவோம். டொரண்டோ.”

நல்லது என்றேன்.

“நீங்களும் வந்துருங்கப்பா. மொதல்ல நாங்க போயி வீடு பாத்துட்டு...”

“பாப்போம்” என்றேன். எங்கள் பக்கத்தில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, அதற்கு மேல் பேசவில்லை. அதைச் சொல்ல இடத்தை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லியிருந்தால் பத்து நாள் பேசியிருப்போம். இங்கே பேச நேரமில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் டிரைவரிடம் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறாய் என்று சத்தம் போட்டேன்.

விமான நிலைய வாசலில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பேத்தி உள்ளேயிருந்து கையை ஆட்டியது. “போயிட்டு வாரேன்ப்பா” என்று சொல்லித்தான் மகள் போனாள். எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆனால் இந்தத் தடவை அந்த ‘வாரேன்’ எங்கிருந்து வரும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

திரும்பி வந்து வாசலில் இறங்கியபோது கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி பாவம், பிள்ளை போட்ட குப்பை நிறையக் கிடக்குமே என்று, நான் கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்துத் திறந்து, கையில் விளக்குமாற்றோடு குனிந்திருந்தாள்.

“கூட்டாத!” என்று கத்திவிட்டேன். தெருவில் நின்றிருந்த கார் டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

அவள் பயந்துபோய் நிமிர்ந்தாள். “என்னண்ணே?”

“இன்னும் போய்ச் சேரல.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களாண்ணே இதெல்லாம் பாக்குறது?”

“ஒன் மதினி பாப்பால்ல” என்றேன். விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பட்டப்பகலில் ஒரு பூகோள வாத்தியார் செய்கிற வேலையா இது என்று எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடுத்தரையில் கால் படாமல், ஓரமாகவே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன். “நல்லபடியா வந்துட்டோம்ப்பா. மாத்திரை போட்டீங்களா? ராத்திரிக்குத் தோசை மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு” என்றாள். சரி என்றேன். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். “வச்சிரட்டுமாப்பா?” என்றாள். வைத்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் போய் விளக்குமாற்றை எடுத்தேன். எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாமல் எப்படிக் கூட்டுவது? திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அறிவுக்குத் தெரியும், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அவள் போய்ச் சேர வேண்டிய இடம் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது, அதுவும் அறிவுக்குத் தெரியும்.

அடுத்த நாளும் கூட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் கரிசல் காட்டில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, காடு முழுக்கப் பறந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஜன்னலைச் சாத்தினாலும் பொடி மண் எப்படியோ வந்துவிடும். பிஸ்கட் தூளுக்கு எறும்பு வரிசை வந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி வாசல் தெளித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இன்னுமாண்ணே போய்ச் சேரல? நடந்தா போறாக?”

“கனடாவுக்குப் போகணும். நேரமாகும்” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, எரிச்சலில் வந்துவிட்டது. அவள் சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை. சற்று நின்று, “ரொம்பத் தூரமோ?” என்றாள். இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான், அதுவும் மணிக்கணக்கைக் கேட்காமல்.

அன்று மத்தியானம் பூகோள உருண்டையைத் துடைத்து எடுத்தேன். ஒரு நூலை மதுரையில் பிடித்துத் துபாய்வரை வைத்தால் விரல் நீளம்கூட இல்லை. அதே நூலை டொரண்டோவுக்கு இழுத்தேன். நேராகத்தான் போகும் என்று நினைத்து மேற்கே இழுத்தால் நூல் நழுவிக்கொண்டு வடக்கே ஏறியது. உருண்டையில் குறுக்கு வழி அப்படித்தான், வளைந்து வடக்கே ஏறித்தான் போகும். நூலை அளந்தால் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நேர் விமானம் கிடையாது. நடுவில் எங்காவது மாறி, காத்திருந்து, ஒரு முழு நாள் ஆகும். அப்புறம் மனைவியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கார்த்திகையில் டொரண்டோ கடிகாரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டை மட்டும் படித்தால், இங்கே காலையில் கிளம்பினால் அன்று இரவே போய்விடலாம். அங்கே காலையில் கிளம்பினால் மறுநாள் சாயங்காலம்தான் வர முடியும். அவள் இருந்திருந்தால், “பாத்தீகளா, நான் சொன்னேன்ல” என்று இரண்டு நாள் என்னைத் தலையெடுக்க விட்டிருக்க மாட்டாள். இந்த விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. அன்றைக்கு அவள் இல்லாதது போல் என்றைக்கும் அவள் இல்லாமல் இருந்ததில்லை.

கிளம்புகிற காலையில் பேத்தி குளித்துவிட்டு ஈரக் காலோடு ஹாலில் ஓடியிருந்தது. ஈரத்தில் மண் ஒட்டி, சின்னக் கால் தடங்கள் வரிசையாக நின்றன. நான் ஓரமாகவே நடந்ததற்குக் காரணம் அதுதான். கூட்டாமல் விட்டால் அது இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆனால் காற்று நாளுக்கு நாள் மண்ணைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் லைட்டைப் போட்டுப் பார்த்தபோது, தடம் எது, தரை எது என்று தெரியவில்லை. குனிந்து தேடிப் பார்த்தேன். கட்டைவிரல் ஒன்று மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. அதுவும் என் கற்பனையாக இருக்கலாம்.

போனை எடுத்தேன். இங்கே விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. அவர்களுக்கு இன்னும் வெயில் இருக்கும்.

“என்னப்பா இந்நேரத்துல? உடம்புக்கு ஏதும்...”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

“அப்புறம்?”

“வீட்டக் கூட்டலாமான்னு கேக்கத்தான்.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“இன்னும் கூட்டலையாப்பா? நாங்க வந்து ஒரு வாரமாகப் போகுதே.”

“நீ சொல்லலையே” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீங்கதான் அதெல்லாம் சிரிப்பீங்களேப்பா. அம்மாட்ட சொல்றப்பல்லாம் பின்னாடி உங்க சிரிப்பு கேக்கும். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு...”

“சிரிச்சேன். இப்ப சொல்லு.”

“கூட்டிக்கங்கப்பா” என்றாள்.

வாத்தியார் குரலை வரவழைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்த விஷயத்தையே கேட்டேன். “அந்த டொரண்டோவுக்கு எம்புட்டு நேரமாகும்?”

“போறதுக்கா, வாரதுக்காப்பா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மாவின் குரல் அப்படியே வந்துவிட்டது அவளுக்கு.

“வாரதுக்கு” என்றேன்.

அந்த வீட்டில் பேத்தி எதையோ கேட்டு அவளைக் கூப்பிட்டது. இரு என்று அதனிடம் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னாள்: “லோடு ஜாஸ்திப்பா. மெதுவாத்தான் வரும்.”

“வரட்டும்” என்றேன்.

போனை வைத்துவிட்டு ஹாலிலிருந்து தொடங்கினேன். நிறைய மண், பென்சில் சீவல், எறும்பு தின்று மிச்சம் வைத்த பிஸ்கட், ஒரு தலைக்கிளிப், மகளின் நீளமான முடி ஒன்று, தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்த ஒரு நட்சத்திரம். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் குப்பையை வெளியே தள்ளக் கூடாது, மூலையில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் என் மனைவியின் சட்டம்தான். அதையும் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் மூலையில் ஒதுக்கி வைத்தேன்.